டெட்ராய்ட் ஆற்று ட்ரக் பாதை (மிதவை) நின்றுவிட்டது: இனி ஹாஸ்மட் (அபாயச் சரக்கு) லோட் எந்த வழியாகப் போகும்?

படுவான்கரையான் | 2 ஏப்ரல் 2024

வணக்கம். ட்ரக் ஓடுகிற உறவுகள் பலர் இங்கே இருப்பதால் இதை இங்கேயே எழுதுகிறேன்.

மார்ச் 31 முதல், கனடாவின் விண்ட்சரையும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தில் 3ஆம் வகுப்பு, 8ஆம் வகுப்புச் சரக்குகளை நிபந்தனைகளோடு கொண்டுபோகலாம் என்று மிச்சிகன் போக்குவரத்துத் துறை திறந்துவிட்டிருக்கிறது. அதாவது எரியும் திரவங்களும் அரிக்கும் அமிலங்களும். கடந்த செப்டம்பரில் ட்ரக் பாதை நின்றபோதே இது வரும் என்று மனம் சொன்னது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விண்ட்சருக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவில் ட்ரக்குகளை மட்டும் ஏற்றி இறக்க ஒரு மிதவை ஓடியது. 1990 ஏப்ரல் 22, பூமி நாள் அன்று வார்ட் குடும்பத்துத் தகப்பனும் மகனும் தொடங்கியது. பாலம் ஏற்காத அபாயச் சரக்கும், பாலத்தில் அடங்காத பெரிய இயந்திரங்களும் அதில்தான் போயின. 33 வருடம் ஓடி, 2023 செப்டம்பரில் நின்றது.

நான் அதைப் பாதை என்றுதான் சொல்வேன். நான் பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையில். மண்முனைத் துறையில் வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். 2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது. விண்ட்சரில் முதன்முதலில் அந்தத் தட்டை மிதவையைக் கண்டபோது என் வாயில் வந்த சொல் அதுதான்.

2011 இலையுதிர்காலம் என்று நினைவு. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து விண்ட்சர் தொழிற்சாலை ஒன்றுக்கு பெயின்ட் லோட். நாலு பக்கமும் பிளக்கார்ட் என்கிற சிவப்பு அபாயச் சதுரம், நடுவில் பெயின்ட்டுக்கான 1263 என்ற எண். மேற்கு ஜெபர்சன் வீதியால் வந்து திரும்பினேன். ஜக் தீவு உருக்காலையின் மணம் கண்ணாடியை மூடினாலும் உள்ளே வரும். துறையில் ஒருவர் கை காட்டக் காட்ட, நடக்கிற வேகத்தில் இறக்கத்தில் இறங்கினேன். முன்சில்லு மிதவையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. பின்சில்லு நான்கும் ஏறும்போதுதான் மிதவை கொஞ்சம் அமிழ்ந்து திரும்ப எழும்பும். அந்த அசைவு கால் பெடலில் தெரியும். பிரேக் போட மஞ்சள் குமிழையும் சிவப்புக் குமிழையும் இழுத்தேன், காற்று சீறி அடங்கியது, எஞ்சினை நிறுத்தினேன். சில்லுக்குக் கட்டை வைத்தார்கள். அப்புறம் ஒரு அமைதி. அன்று மேலிருந்து ஏரிக்கப்பல் ஒன்று வந்தது, கால் கிலோமீட்டர் நீளம் இருக்கும். அது கடக்கும்வரை எங்கள் இழுவைப்படகு ஒதுங்கி நின்றது. அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில் கனடா.

இதைப் பழைய நினைவுக்காக மட்டும் எழுதவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு கம்பெனியில் ஓடினேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் பாதைக்கான நேரம் தவறிவிட்டது. ஓட்டங்களைப் பிரித்துத் தருகிற டிஸ்பாட்சர் போனில், "பிளக்கார்டைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பாலத்தால் போ, யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார். மாட்டேன் என்று துறையிலேயே ட்ரக்கை நிறுத்திவிட்டு அன்று இரவு அங்கேயே படுத்தேன். அடுத்த இரண்டு கிழமை எனக்கு ஓட்டமே தரவில்லை. வீட்டுத் தவணை கட்ட மனைவியின் சீட்டுக் காசை எடுத்தோம்.

அன்று நான் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், காலையில் இன்னொரு பாதை இருந்தது. இனி இல்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நெடுஞ்சாலை402 | 2 ஏப்ரல் 2024

அண்ணை, இரண்டு கிழமை ஓட்டம் இல்லாமல் இருந்ததை வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. நீங்கள் செய்தது சரி.

ஆனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். ரொறன்ரோவிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் போகிறவனுக்குப் பாதை நின்றதால் பெரிய நட்டம் இல்லை. ஒன்ராறியோவின் லண்டனில் 401 நெடுஞ்சாலையை விட்டு 402ஐப் பிடித்து, சார்னியாவில் புளூ வாட்டர் பாலத்தால் போர்ட் ஹியூரனுக்குப் போய், ஐ-94ஆல் கீழே இறங்கினால் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தப் பாலம் ஹாஸ்மட்டை எடுக்கும். நான் பதினொரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறேன்.

அடிபடுவது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஓடுகிறவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற தொழிற்சாலைக்கு அமிலம் கொண்டுபோக, மேலே சார்னியாவரை போய், கடந்து, திரும்பக் கீழே வரவேண்டும். 265 கிலோமீட்டர் சுற்று. ஆற்றின் அகலமோ ஒரு கிலோமீட்டர்கூட வராத இடங்கள் இருக்கின்றன. பிளக்கார்டை ஒளிக்கிற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

---

தென்றல் | 3 ஏப்ரல் 2024

சென்னையிலிருந்து வாசிக்கிறேன், லாரித் தொழில் எனக்குத் தெரியாது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், விண்ட்சர் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே இருக்கிறதே! அமெரிக்காவிலிருந்து தெற்கே போனால் கனடா வருகிறது, இதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம். பெட்ரோல் டேங்கர் எல்லா ஊரிலும் எல்லாப் பாலத்திலும் போகிறதே? இந்தப் பாலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு காலம் கூடாது என்றார்கள்? தண்ணீர் மேல் மிதவையில் கொண்டுபோவது அதைவிட ஆபத்தில்லையா?

---

இரசாயனி | 3 ஏப்ரல் 2024

தென்றல், நல்ல கேள்வி. நான் மிசிசாகாவில் இரசாயனக் கிடங்கு ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே கேள்வியை எங்கள் புதிய ஓட்டுநர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

முதலில், தடை எல்லாச் சரக்குக்கும் இல்லை. 1 வெடிபொருள், 3 எரியும் திரவம், 7 கதிரியக்கம், 8 அரிக்கும் பொருள், இந்த வகுப்புகளுக்குத்தான். அதுவும் பிளக்கார்ட் போட வேண்டிய அளவு இருந்தால். பொதுவாகக் கனடாவில் 500 கிலோ, அமெரிக்காவில் 454 கிலோ. ஒரு பெட்டியில் நாலு டின் பெயின்ட் இருந்தால் யாரும் மறிக்கப்போவதில்லை. இப்போது தளர்த்தியது 3ஐயும் 8ஐயும்.

ஏன் பாலம் கூடாது என்பதற்குப் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டாம். 2009 ஜூலையில் டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ஹேசல் பார்க்கில், ஐ-75இல் ஒரு டேங்கர் மோதித் தீப்பிடித்தது. மேலே போன ஒன்பதாம் மைல் வீதிப் பாலம் அந்தச் சூட்டில் இடிந்து நெடுஞ்சாலையில் விழுந்தது. 2023 ஜூனில் பிலடெல்பியாவில் ஐ-95. அங்கேயும் டேங்கர், அங்கேயும் தீ, அங்கேயும் பாலம் விழுந்தது. இரும்பு உருகவேண்டியதில்லை. சூடேறி வலு இழந்தாலே போதும், தன் எடையைத் தானே தாங்காது. அவை சின்னப் பாலங்கள். அம்பாசடர் 1929இல் திறந்த தொங்குபாலம். நடுத் தாங்கல் 564 மீட்டர், கீழே ஆறு. நாலே தடம். நடுவில் ஒரு டேங்கர் எரிந்தால் முன்னால் இருக்கிறவர்கள் முன்னால் ஓடலாம். பின்னால் வரிசையில் நிற்கிற குடும்பங்கள் எங்கே போகும்? தீயணைப்பு வண்டி எந்தப் பக்கத்தால் ஏறும்?

மிதவையிலும் ஆபத்து உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கசிந்தால் நேரே ஆற்றுக்குள். ஆனால் அங்கே எத்தனை ட்ரக், ஒவ்வொன்றிலும் என்ன என்பது ஏற்றுமுன்பே எழுத்தில் இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும், பக்கத்தில் வேகமாக வந்து மோத யாரும் இல்லை, பின் சீட்டில் பிள்ளையோடு போகிற கார் இல்லை. விபத்து நடந்தால் யாருக்கு நடக்கும் என்பதுதான் என் வேலையில் முதல் கேள்வி. மிதவை அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தது.

---

ஆற்றங்கரை | 4 ஏப்ரல் 2024

நான் விண்ட்சரில் 19 வருடமாக இருக்கிறேன். ட்ரக் ஓடத் தெரியாது, ஆனால் ட்ரக்கோடுதான் வாழ்கிறோம். பாலத்துக்குப் போகிற ஹியூரன் சர்ச் வீதியில் சிக்னலுக்கு சிக்னல் நிற்கிற ட்ரக் வரிசையைத் தாண்டித்தான் என் மகள் பள்ளிக்குப் போனாள்.

இந்த ஊருக்கு ஒரே பாலம் என்றால் என்ன என்று இரண்டு தடவை பார்த்தோம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வரிசை மணிக்கணக்கில் நின்றது. கார்த் தொழிற்சாலைகள் உதிரிப்பாகம் இல்லாமல் திண்டாடியபோது இந்தச் சின்ன மிதவை பாகங்களை ஏற்றிப் போனது. பிறகு 2022 பிப்ரவரி 7. போராட்டக்காரர் பாலத்தடியை மறித்தார்கள். 13ஆம் திகதி போலீஸ் அகற்றும்வரை அந்தப் பாலத்தால் கனடாவுக்குள் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாடுகளின் சரக்கு வணிகத்தில் கால்வாசி போகிற பாலம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்ட் இல்லாமல் வீட்டில் இருந்தார்.

ஹாஸ்மட் பற்றி எனக்கு ஒரே கவலை தண்ணீர். எங்கள் நகரம் இந்த ஆற்று நீரைத்தான் குடிக்கிறது, ஆனால் எடுக்கும் இடம் பாலத்துக்கு மேலே. கீழே ஆம்ஹெர்ஸ்ட்பர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. அவர்களும் இதே ஆற்றில்தான் எடுக்கிறார்கள். என் அக்கா குடும்பம் அங்கே.

---

கிண்ணியா மைந்தன் | 4 ஏப்ரல் 2024

எல்லோரும் பாதையைப் புகழ்வதால் எதிர்ப்பக்கம் ஒருவர் பேச வேண்டும்.

படுவான்கரையான் நானா, நீங்கள் மட்டக்களப்பு, நான் கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக நாங்களும் பாதையில் நின்றவர்கள்தான். இரவில் பிரசவ வலி வந்தால் பாதைக்காரரைத் தேடி ஓடுவோம். பிறகு 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலத்தை உடைத்துவிட்டு, புதியது கட்டி முடியும்வரை என்று ஒரு மிதவையை விட்டார்கள். அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்த ஜனாஸாக்களை நான் வட்ஸ்அப்பில் பார்த்தேன். அன்றிலிருந்து பாதை என்ற சொல்லே எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

உலகம் முழுக்க இதே கதை. சாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவில் சாம்பேசி ஆற்றில், கசுங்குலாவில், செப்புக் கனிமம் ஏற்றிய லொறிகள் மிதவைக்காக நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. 2003இல் அளவுக்கு மீறி ஏற்றிய லொறி ஒன்றால் மிதவை கவிழ்ந்து 18 பேர் இறந்தார்கள். 2021 மே மாதம் 923 மீட்டர் பாலம் திறந்தார்கள். சிம்பாப்வே எல்லையைத் தொடாமல் இருக்க வளைத்துக் கட்டிய பாலம். அந்த ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருவராவது மிதவை வேண்டும் என்பாரா?

விண்ட்சரிலும் புதிய பாலம் எழும்புகிறது. கோர்டி ஹோவ் பாலம் வந்தால் பிரச்சினை தீரும். கொஞ்சம் பொறுங்கள்.

---

படுவான்கரையான் | 5 ஏப்ரல் 2024

தம்பி, குறிஞ்சாக்கேணியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்தப் பிள்ளைகளை ஏற்றியது பாலத்துக்குப் பதிலாக விட்ட மிதவை. சனத்துக்குப் பாலம்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. மண்முனையில் பாலம் திறந்த செய்தி வந்த அன்று என் அம்மா போனில் அழுதா.

நான் சொல்வது வேறு. விண்ட்சர் மிதவை பாலம் இல்லாததால் ஓடியதல்ல. பாலம் பக்கத்திலேயே இருக்க, அதில் சனம் போகவேண்டும் என்பதற்காக ஆபத்தான சரக்கை அப்பால் எடுத்துக்கொண்டது. மண்முனைப் பாதையில் ஆசிரியரும் ஆடும் மோட்டார்சைக்கிளும் ஒன்றாகப் போகும். இங்கே ட்ரக் மட்டும்.

புதிய பாலம் வரட்டும், நானும் காத்திருக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018இல் வேலை தொடங்கியது. செலவு 640 கோடி கனேடிய டொலர். இந்த ஜனவரியில் சொன்ன தேதி 2025 இலையுதிர்காலம். பாதை நின்றது 2023 செப்டம்பர். நடுவில் இரண்டு வருட இடைவெளி. அந்த இடைவெளியை மூடத்தான் பழைய பாலத்தின் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டு நாடுகளும் சேர்ந்து அந்த மிதவையை இரண்டு வருடம் ஓட வைத்திருக்கலாம். 640 கோடியில் அது எந்த மூலைக்கு?

---

நெடுஞ்சாலை402 | 5 ஏப்ரல் 2024

கிண்ணியா தம்பி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. எதிரே பாலத்தின் கோபுரம் நாளுக்கு நாள் உயர்வதைப் பார்த்துக்கொண்டு எந்த முதலாளி இழுவைப்படகைப் புதுப்பிப்பான்? மிதவையைத் தகப்பனோடு தொடங்கிய கிரெக் வார்ட் 33 வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது. அபாயச் சரக்கு பாலத்தில் போகக்கூடாது என்று பொது மேடைகளில் திரும்பத் திரும்பப் பேசியவர். அது அவருடைய தொழிலுக்கும் நல்லது என்பது உண்மைதான். அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

எல்லை மிதவைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. சார்னியாவுக்குக் கீழே சோம்ப்ராவிலிருந்து மிச்சிகன் மரீன் சிட்டிக்கு ஒரு மிதவை ஓடியது, ஞாபகமா? 2018 ஜனவரியில் பனிக்கட்டி நெருக்கித் துறையைச் சேதப்படுத்தியது. திருத்தக் காசு சேரவில்லை, அத்தோடு நின்றது. அந்தக் கரையோரம் ஓடினால் வெறும் துறை தெரியும்.

---

புது ஓட்டம் | 9 ஏப்ரல் 2024

அண்ணாமார், அக்கா, அவசர உதவி வேண்டும். லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம். வியாழக்கிழமை விண்ட்சரிலிருந்து டெட்ராய்ட்டுக்கு அமிலம் நிரப்பிய பேட்டரி லோட், 2794. "இப்போது பாலம் திறந்துவிட்டது, நேரே போ" என்கிறார் டிஸ்பாட்சர். நிபந்தனை என்ன என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. சார்னியாவால் போகவா என்று கேட்டேன். டீசல் யார் தருவது என்கிறார். நான் என்ன செய்ய?

---

இரசாயனி | 9 ஏப்ரல் 2024

தம்பி, பயப்படாதே. 2794 என்றால் 8ஆம் வகுப்பு, தளர்த்தியதில் வருகிறது. ஆனால் நிபந்தனையோடு தளர்த்தியது என்றால், அந்த நிபந்தனை நிறைவேறியது என்று காட்ட உன் கையில் எழுத்து இருக்க வேண்டும். பாலத்தின் ஒப்புதல் கம்பெனிக்குக் கிடைத்ததா என்று மின்னஞ்சலில் கேள். போனில் கேட்காதே. பதில் வரவில்லை என்றால் பாலத்தை நினைக்காதே. சரக்கு ஆவணத்தில் எண், வகுப்பு, எடை மூன்றும் பிளக்கார்டோடு ஒத்துப்போகிறதா பார். ஆவணம் நீ இருக்கிற இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில், கதவுப் பையில் இருக்கட்டும். ஆரஞ்சு நிற அவசர வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறதா?

---

படுவான்கரையான் | 9 ஏப்ரல் 2024

தம்பி, அக்கா சொன்னதைச் செய். புறப்படுமுன் பேட்டரிகள் எப்படிக் கட்டியிருக்கின்றன என்று கதவைத் திறந்து நீயே பார். பலகை அசைந்தால் ஏற்றியவனைக் கூப்பிடு. நாலு பிளக்கார்டையும் போனில் படம் எடுத்து வை, நேரத்தோடு. யாராவது கழற்றச் சொன்னால் உடனே எனக்கு எடு. தனிமடலில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன். நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை.

---

நெடுஞ்சாலை402 | 10 ஏப்ரல் 2024

சார்னியாவால் வந்தால் காலை எட்டுக்கு முன் பாலத்தடியில் நில். பிந்தினால் வரிசை கூடும். ஏஸ் மானிபெஸ்ட் (அமெரிக்கச் சுங்கத்துக்கு முன்கூட்டி அனுப்பும் மின் சரக்குப் பட்டியல்) போர்ட் ஹியூரனுக்கு மாற்றியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார். டெட்ராய்ட் என்று போட்டுவிட்டு போர்ட் ஹியூரனில் போய் நின்றால் அரைநாள் போய்விடும், எனக்கு நடந்தது.

---

புது ஓட்டம் | 12 ஏப்ரல் 2024

போய் வந்துவிட்டேன். மின்னஞ்சலில் கேட்டதும் டிஸ்பாட்சர் ஒன்றும் பேசாமல் வழியைச் சார்னியாவுக்கு மாற்றினார், மானிபெஸ்ட்டும் மாற்றித் தந்தார். டீசலும் கம்பெனி கணக்கில். ஐந்து மணிக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலை 40ஆல் மேலே ஏறி, பிறகு ஆற்றோர வீதிக்குத் திரும்பினேன். சோம்ப்ராத் துறையையும் பார்த்தேன். எல்லாருக்கும் நன்றி.

---

ஆற்றங்கரை | 22 ஜூன் 2024

இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டுவருகிறேன். இந்த மாதம் கோர்டி ஹோவ் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆற்றுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. 853 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மகளோடு சாண்ட்விச் பக்கம் போய் நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருக்கிறது. அபாயச் சரக்குக்கும் அதில் இடம் வைத்திருக்கிறார்களாம்.

---

படுவான்கரையான் | 23 ஜூன் 2024

நல்ல செய்தி, தங்கச்சி. திறந்தால் முதல் கிழமையே ஓடிப் பார்க்க ஆசை. போன மாதம் விண்ட்சரில் லோட் இறக்கிவிட்டு மேப்பிள்வுட் வீதியால் பழைய துறைவரை போனேன். கேட் பூட்டி இருந்தது. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். தண்ணீர் கரையில் அடிக்கிற சத்தம் மட்டும்தான்.